பழைய டர்பைனின் மிச்ச ஆயுள்: கணக்கு எங்கே தவறுகிறது

“இந்த டர்பைன் இன்னும் எத்தனை வருடம் தாங்கும்?” என்று நிர்வாகம் கேட்கும்போது ஒரே எண்ணில் பதில் சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. டர்பைனுக்கு என்று ஓர் ஆயுள் கிடையாது. அதில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. சூடான ரோட்டரில் (சுழலும் தண்டில்) பிளேடு பொருந்தும் பள்ளம் க்ரீப்பால் கெடுகிறது. க்ரீப் என்பது அதிகச் சூட்டில், மாறாத இழுவிசையில் உலோகம் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போவது. கேசிங்கின் (வெளிக்கூட்டின்) உள்மூலைகள் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் சூடேறிக் குளிர்ந்து வெடிப்பு விடுகின்றன. எல்.பி. (குறைந்த அழுத்த) பக்கத்துக் கடைசி வரிசைப் பிளேடுகளின் வேர், உப்பாலும் அதிர்வாலும் சேர்ந்து கெடுகிறது. கேசிங் போல்ட்டுகள் இறுக்கம் இழக்கின்றன. இவை எல்லாம் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. “மிச்ச ஆயுள் 8 வருடம்” என்று மட்டும் ஓர் அறிக்கை சொன்னால் எந்த உறுப்பு, அதில் எந்த இடம், எந்தச் சேதம் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த 8 என்ற எண்ணுக்கு அடிப்படையே இல்லை.

பினாங்கில் இந்தக் கேள்வி முன்பைவிட அவசரமாகியிருக்கிறது. பிறையிலும் குளுகோரிலும் கட்டியவை கடலோர நிலையங்கள், கம்பைன்ட் சைக்கிள் வகை. எரிவாயு டர்பைனின் வெளிச்சூட்டில் நீராவி உண்டாக்கி இன்னொரு டர்பைனையும் ஓட்டுபவை. பகலில் சூரிய மின்சாரம் கூடக் கூட, இப்படிப்பட்ட இயந்திரங்கள் ஒரே சுமையில் நாள் முழுக்க ஓடும் காலம் குறைந்துகொண்டு வருகிறது.

மணி மீட்டரை மட்டும் நம்புவது

100,000 மணி நேரத்துக்கு வடிவமைத்தது என்றால் 100,001ஆவது மணியில் உடையும் என்று பொருள் இல்லை. வடிவமைப்பில் பாதுகாப்பு வரம்பு சேர்த்தே இருப்பதால், அந்த எண்ணின் இரண்டு மடங்கைத் தாண்டி நன்றாக ஓடும் ரோட்டர்கள் உண்டு. மறுபக்கம், அதே மணியைக் காட்டும் இரண்டு இயந்திரங்களில் ஒன்று 200 முறையும் மற்றது 3,000 முறையும் ஸ்டார்ட் ஆகியிருந்தால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

எரிவாயு டர்பைனில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். சில உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு ஸ்டார்ட்டையும் இத்தனை மணிக்குச் சமம் என்று மாற்றி, ஓடிய மணியோடு கூட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் மணிக்கு ஒரு வரம்பு, ஸ்டார்ட்டுக்கு ஒரு வரம்பு என்று பிரித்து வைத்து, எது முதலில் வருகிறதோ அதை எடுக்கிறார்கள். ஒருவர் சூத்திரத்தை இன்னொருவர் இயந்திரத்துக்குப் போட்டுப் பார்ப்பது பெரிய பிழை. ட்ரிப், அதாவது ஓடும் இயந்திரம் திடீரெனத் தானாக நின்றுவிடுவது, அதன் கணக்கும் முக்கியம். முழுச் சுமையில் விழும் ஒரு ட்ரிப்பை, வெப்பப் பாதை உறுப்புகளுக்கு எட்டுச் சாதாரண ஸ்டார்ட்டுக்கு இணையாக எண்ணுகிற உற்பத்தியாளரும் உண்டு. அதனால் “இந்த வருடம் 6 ட்ரிப்” என்று எழுதினால் போதாது. ஒவ்வொன்றும் எத்தனை மெகாவாட்டில் விழுந்தது என்பதும் வேண்டும்.

இந்த விவரங்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் கட்டுப்பாட்டு அமைப்பை மாற்றும் சமயத்தில்தான். புதிய சிஸ்டம் வந்ததும் எண்ணி மீட்டர்கள் பூஜ்யத்தில் தொடங்குகின்றன, பழைய ஹார்ட் டிஸ்க் ஸ்டோரில் கிடந்து வீணாகிறது. மாற்றத்துக்கு முன்பே மொத்த மணி, குளிர்ந்த, இளஞ்சூடான, சூடான ஸ்டார்ட்டுகளின் தனித்தனி எண்ணிக்கை, சுமையோடு கூடிய ட்ரிப் பட்டியல், ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் நீராவி விடும் நேரத்தில் கேசிங் உலோகத்தின் வெப்பநிலை, மெயின் ஸ்டீம், ரீஹீட் ஸ்டீம் (பாய்லருக்குத் திரும்பிப் போய் மறுபடி சூடேறி வரும் நீராவி) ஆகியவற்றின் மணிவாரி வெப்பநிலை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். இவை போய்விட்டால் பிறகு எந்த நிபுணரைக் கூப்பிட்டாலும் அவர் ஊகத்தில்தான் கணக்குப் போடுவார்.

ஓர் இடைக்குறிப்பு. செபராங் பிறையின் செம்பனை ஆலைகளில் சிறிய நீராவி டர்பைன்கள் ஓடுகின்றன. அங்கே நீராவியின் சூடு க்ரீப் தொடங்கும் எல்லைக்கு வெகுகீழே நிற்கிறது. அவற்றுக்குக் க்ரீப் ஆயுள் கணக்கிடுவது வீண் செலவு. பாய்லரிலிருந்து நீராவியோடு சேர்ந்து வரும் தண்ணீர் பிளேடுகளை அரிக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை.

சராசரி வெப்பநிலையைப் போட்டுக் கணக்கை முடிப்பது

அறிக்கைகளில் அடிக்கடி வருகிற, ஆபத்தை அதிகமாக மறைக்கிற தவறு இதுதான். க்ரீப்பால் உலோகம் எப்போது உடையும் என்று கணிக்க லார்சன், மில்லர் இருவரும் 1952இல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கெல்வினில் வெப்பநிலையை எடுத்து, 20ஓடு உடையும் நேரத்தின் மடக்கையைக் கூட்டி, இரண்டையும் பெருக்க வேண்டும். ஒரே தகைவில் (ஓரலகுப் பரப்பில் விழும் விசையில்) இந்தப் பெருக்கல் மாறாது.

ஒரு ரோட்டர் எஃகு குறிப்பிட்ட தகைவில் 538 டிகிரி செல்சியஸில் 100,000 மணி தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 811. பெருக்கினால் 20,275. அதே எஃகை 548 டிகிரியில் ஓட்டினால் ஆயுள் ஏறக்குறைய 49,600 மணிக்கு இறங்கிவிடும். 10 டிகிரி ஏறியதற்கே பாதி ஆயுள் போய்விட்டது. 10 டிகிரி குறைத்து 528இல் ஓட்டினால் 205,000 மணி.

இப்போது ஓர் இயந்திரம் பாதி நேரம் 528இலும் பாதி நேரம் 548இலும் ஓடுகிறது. சராசரி 538தான். ஆனால் ஒவ்வொரு பாதிக்கும் செலவான ஆயுளைத் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால், நிலையாக 538இல் ஓடியதைவிட 25 சதவீதம் அதிகச் சேதம் வருகிறது. ஏற்ற இறக்கம் 20 டிகிரி ஆகிவிட்டால், அதாவது 518க்கும் 558க்கும் இடையே ஆடினால், சேதம் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. சராசரியில் ஒரு டிகிரிகூட மாறவில்லை. வருடச் சராசரி வரம்புக்குள் இருப்பதால் அறிக்கையில் எல்லாம் பச்சையாகத் தெரியும். குளிர்ந்த நேரத்தில் மிச்சமாகும் ஆயுள், சூடான நேரத்தில் செலவாகும் ஆயுளை ஈடுகட்டுவதில்லை. எனவே மணிவாரிப் பதிவை 5 டிகிரிப் பட்டைகளாகப் பிரித்து, பட்டைக்குப் பட்டை ஆயுள் செலவைக் கூட்டுங்கள். ஒரு விரிதாளில் அரை நாள் வேலை.

அளவி சரியாகக் காட்டுகிறதா என்பது அடுத்த கேள்வி. வெப்பநிலையை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள்கள் பழையதாகும்போது சில டிகிரி விலகுவது சாதாரணம். உண்மைச் சூடு காட்டியதைவிட 5 டிகிரி அதிகமாக இருந்தால், மேலே சொன்ன எஃகு 100,000 மணிக்குப் பதில் 70,000 மணிதான் தாங்கும். ஆயுள் கணக்குத் தொடங்கும் முன் கடைசியாக எப்போது ஒப்பளவு செய்தார்கள் என்று பாருங்கள். எந்த இடத்துச் சூட்டை எடுக்கிறோம் என்பதும் கவனிக்க வேண்டியதுதான். மெயின் ஸ்டீம் குழாயின் வெப்பநிலை ரோட்டர் உலோகத்தின் வெப்பநிலை அல்ல. எச்.பி. (உயர் அழுத்த) முதல் நிலையில் நாஸில் (நீராவியைப் பீய்ச்சும் வாய்) தாண்டி வரும் நீராவி கொஞ்சம் சூடு இறங்கிவிட்டிருக்கும். ரீஹீட் நீராவி நுழையும் ஐ.பி. (இடை அழுத்த) முதல் நிலையில் அந்த இறக்கம் குறைவு. அதனால் பல இயந்திரங்களில் க்ரீப்புக்கு முதலில் பலியாவது ஐ.பி. ரோட்டர்தான்.

எந்தப் பொருள் தரவைப் போடுகிறோம் என்பதில் சுருக்கமாக ஒன்று. ஒரே பெயர் கொண்ட எஃகிலும் வார்ப்புக்கு வார்ப்பு வலிமை மாறும். சராசரி வளைகோட்டிலிருந்து தகைவில் 20 சதவீதம் கீழே இருப்பதைத்தான் கீழ் எல்லையாக எடுப்பது வழக்கம். சராசரி வளைகோட்டைப் போட்டால் ஆயுள் பல மடங்கு கூடித் தெரியும், அந்தக் கூடுதல் உண்மையில் இருக்காமலும் போகலாம். க்ரீப் சேதம் ஒரு பக்கம், ஸ்டார்ட்டுகளால் வரும் உலோகச் சோர்வு ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பார்த்து, இரண்டும் பாதிக்குக் கீழ்தான் என்று திருப்தி அடைவதும் சரியல்ல. இரண்டும் சேரும்போது ஒன்றை மற்றது வேகப்படுத்துகிறது. கம்பைன்ட் சைக்கிள் நிலையங்களில் நிறையப் பயன்படும் பி91 போன்ற 9 சதவீதக் குரோமியம் எஃகில் இந்தக் கூட்டுச் சேதம் மிகக் கடுமையானது.

தவறான இடத்தில், தவறான முறையில் ரெப்ளிக்கா

ரெப்ளிக்கா என்பது மெருகேற்றிய பரப்பில் மெல்லிய படலத்தை ஒட்டி அச்செடுத்து, உறுப்பை வெட்டாமல் அதன் நுண்ணமைப்பைப் பார்க்கும் முறை. கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல களச் சாட்சி குறைவு. ஆனால் ஷட்டவுன் நெருக்கடியில் முதலில் கெட்டுப்போகும் வேலையும் இதுதான்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருந்தே தவறு தொடங்குகிறது. கை எளிதில் எட்டுகிற, சமதளமான, வெளிச்சமுள்ள இடத்தில் எடுத்துவிட்டு “எந்தச் சேதமும் இல்லை” என்று எழுதிவிடுகிறார்கள். தகைவும் சூடும் சேர்ந்து உச்சத்தில் இருக்கும் இடங்களையே தேட வேண்டும். ரோட்டரில் வெப்பத் தணிப்புப் பள்ளத்தின் அடி, முதல் நிலைச் சக்கரத்தின் வளைவு, கேசிங்கிலும் வால்வுப் பெட்டியிலும் உள்மூலை, பற்றவைப்பை ஒட்டிய வெப்பம் பட்ட பகுதி ஆகியவை அப்படிப்பட்டவை. ஒப்பிட்டுப் பார்க்க, அதே உறுப்பின் குளிர்ந்த முனையிலும் ஒன்று எடுங்கள். பழைய ரெப்ளிக்கா இருந்தால் மில்லிமீட்டர் துல்லியத்தில் அதே இடத்தில் எடுத்தால்தான் வளர்ச்சி தெரியும்.

அடுத்தது தேய்ப்பு. மேலே இருக்கும் ஆக்சைடு படலத்தையும், அதன் கீழே கரி இழந்து மென்மையாகிப்போன அடுக்கையும் தாண்டி உண்மையான உலோகத்தை அடைய வேண்டும். 120, 240, 400, 600 என்று உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் திசையை 90 டிகிரி திருப்பி, முந்தின கோடுகள் முழுவதும் மறையும்வரை தேய்க்க வேண்டும். பிறகு 6, 3, 1 மைக்ரான் வைரப் பசை. குறைந்த கலப்பு எஃகுக்கு 2 சதவீத நைட்டால் அரிப்பு, 9 முதல் 12 சதவீதக் குரோமியம் எஃகுக்கு விலெல்லா கரைசல்.

நேரத்தை மிச்சப்படுத்த இங்கேதான் குறுக்குவழி எடுக்கிறார்கள். தேய்க்கும்போது உலோகம் வழிந்து நுண்துளைகளின் வாயை மூடிவிடுகிறது. ஒருமுறை மெருகேற்றி ஒருமுறை அரித்தால் அந்த மூடி அப்படியே இருக்கும். க்ரீப் துளை நிறைந்த உலோகம்கூடப் புதிது மாதிரித் தெரியும். மெருகும் அரிப்பும் மாறி மாறிக் குறைந்தது மூன்று சுற்று வேண்டும். அளவுக்கு மீறி அரித்தாலும் தொல்லைதான். கார்பைடு துகள்கள் உதிர்ந்து விழுந்த குழிகள் க்ரீப் துளைகளைப் போலவே காட்சி தரும், இல்லாத சேதத்துக்காக நல்ல உறுப்பைக் கழற்றிப் போடுவார்கள். செல்லுலோஸ் அசிட்டேட் படலத்தை ஒட்டும் முன் கள நுண்ணோக்கியில் பார்த்துத் தரம் சரிதானா என்று உறுதி செய்யுங்கள். பினாங்கின் ஈரக்காற்றில், அரித்துக் கழுவிய பரப்பை ஆல்கஹால் விட்டுச் சூடான காற்றால் உடனே உலர்த்தாவிட்டால் சில நிமிடங்களில் துருப்புள்ளிகள் வந்துவிடும். அவற்றையும் துளை என்று எண்ணிவிடுவார்கள்.

வகைப்படுத்த 1983இல் நோய்பவர், வேடல் இருவரும் கொடுத்த படிநிலைதான் வழக்கத்தில் இருக்கிறது. தனித்தனித் துளைகள், ஒரே திசையில் வரிசையாகும் துளைகள், அவை இணைந்த நுண்வெடிப்பு, கண்ணுக்குத் தெரியும் வெடிப்பு என்று அது போகிறது. நீராவிக் குழாய் எஃகுகளை மனதில் வைத்து எழுந்தது அது. துளை இல்லை என்பதால் ஆயுள் முழுவதும் மிச்சமிருக்கிறது என்று படிப்பது தவறு. ரோட்டர் எஃகு துளை விடாமலேயே கார்பைடுகள் தடித்து மென்மையாகலாம். பி91 பற்றவைப்பில் சேதம் பரப்புக்கு அடியில் தொடங்கும், மேலே எடுத்த ரெப்ளிக்காவுக்கு அது தெரியாது. அங்கே அல்ட்ராசோனிக் பரிசோதனையும் கடினத்தன்மை அளவீடும் கூடவே வேண்டும். கடினத்தன்மையை ஓரிடத்தில் ஒருமுறை அளந்து எழுதிவிடாதீர்கள். சூடான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிவரை வரிசையாக அளந்தால்தான் எங்கே மென்மையாகியிருக்கிறது என்று புலப்படும்.

சூட்டையே பார்த்துக் குளிரை மறப்பது

க்ரீப் மெல்லக் கெடுக்கிறது, எச்சரிக்கவும் நேரம் தருகிறது. ரோட்டர் வெடிப்பது அப்படி இல்லை. 1969இல் இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயிண்ட் ஏ நிலையத்தில் எல்.பி. சக்கரம் ஒன்று வேகச் சோதனையின்போது, அதாவது முழுவேகத்தைத் தாண்டி ஓட்டிப் பார்த்தபோது, சிதறியது. சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவிப் பள்ளத்தில் அரிமானமும் தகைவும் சேர்ந்து உண்டாக்கிய வெடிப்பு 2 மில்லிமீட்டர்கூட ஆழமில்லை, ஆனால் எஃகு நொறுங்கும் தன்மை அடைந்திருந்தது. 1974இல் அமெரிக்காவின் டென்னசியில் கல்லட்டின் நிலையத்தின் 2ஆம் யூனிட்டில் ரோட்டர் வெடித்தபோது அது குளிர்ந்த ஸ்டார்ட்டில் நிமிடத்துக்கு 3,400 சுற்றுவரைதான் ஏறியிருந்தது. அங்கே மின்வலையின் முழுவேகம் 3,600. ரோட்டரின் நடுவே நீளவாக்கில் செல்லும் உள்துளைக்கு அருகே திரண்டிருந்த மாங்கனீஸ் சல்ஃபைடு கசடுகளை, வருடக்கணக்கான க்ரீப்பும் சோர்வும் சேர்ந்து ஒரே வெடிப்பாக இணைத்துவிட்டிருந்தன.

பாஸ்பரஸ், வெள்ளீயம், ஆர்செனிக், ஆன்டிமனி போன்ற அசுத்தங்கள் கொஞ்சம் கூடுதலாக உள்ள பழைய ரோட்டர் எஃகு, 350 முதல் 550 டிகிரிவரையான சூட்டில் வருடக்கணக்காக இருந்தால் நொறுங்கும் தன்மை அடையும். எந்த வெப்பநிலைக்குக் கீழே எஃகு வளையாமல் கண்ணாடிபோல உடைகிறதோ அந்த எல்லை மேலே ஏறிவிடுகிறது. சில பழைய ரோட்டர்களில் அது 100 டிகிரியையும் தாண்டும். கவனிக்க வேண்டியது, இந்தச் சேதம் மிகச் சூடான முதல் நிலையைவிட நடுச்சூட்டு நிலைகளில்தான் அதிகம். க்ரீப்புக்காகத் தேர்ந்தெடுத்த இடத்தில் மட்டும் பரிசோதித்தால் இது தப்பிவிடும்.

எண்ணில் பார்ப்போம். உள்துளைப் பரப்பில் 300 மெகாபாஸ்கல் தகைவு. முறிவுத் தாங்குதிறன், அதாவது வெடிப்பு பரவாமல் எதிர்க்கும் திறன், 120 அலகு (MPa√m) உள்ள நல்ல நிலையில், உடைக்கும் வெடிப்பின் ஆழம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். அதே எஃகு நொறுங்கும் தன்மை அடைந்து தாங்குதிறன் 60க்கு இறங்கினால் 10 மில்லிமீட்டர். தாங்குதிறன் பாதியானால் பொறுக்கும் வெடிப்பு கால்பங்கு. புதிய ரோட்டரின் சான்றிதழில் உள்ள எண்ணை 30 வருடப் பழைய ரோட்டருக்குப் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்து கணித்துக்கொள்ளலாம்.

வேகச் சோதனை இதனால்தான் குளிர்ந்த ரோட்டரில் கூடாது. 3,000 சுற்றில் ஓட வேண்டியது 3,300க்கு ஏறினால் சுழற்சித் தகைவு 21 சதவீதம் கூடுகிறது. முதலில் மின்வலையில் இணைத்து, குறைந்த சுமையில் சில மணி நேரம் ஓட்டி, ரோட்டரின் நடுப்பகுதிவரை சூடேறிய பிறகே துண்டித்துச் சோதிக்க வேண்டும். இது நடைமுறைக் கையேட்டில் இருக்கும். அவசரத்தில் தவிர்த்துவிடும் படியும் இதுவே.

எல்.பி. பக்கம்: ஓடும்போதைவிட நிற்கும்போது

நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கும், கடல்நீரால் குளிர்விக்கும் கண்டென்சரில் ஒரு குழாய் கசிந்தாலும் குளோரைடு உள்ளே வந்துவிடும். நீராவி ஈரமாகத் தொடங்கும் நிலையில், எல்.பி.யின் கடைசிக்கு முந்தைய வரிசைகளில், அந்த உப்பு செறிந்து படிகிறது. ஓடும்போது சூடும் ஆக்சிஜன் இன்மையும் ஓரளவு காப்பாற்றும். இயந்திரம் நின்று வேக்குவம் உடைந்து, பினாங்கு நீரிணையின் ஈரக்காற்று உள்ளே புகுந்ததும் அந்த உப்பு கரைந்து 12 சதவீதக் குரோமியம் பிளேடைக் குழி குழியாக அரிக்கத் தொடங்கும். அடுத்த ஓட்டத்தில் அதிர்வு அந்தக் குழியைப் பிடித்து வெடிப்பாக்கும். இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்கு மேல். துரு வேகமெடுக்க 60 சதவீதமே போதும். சில நாட்களுக்கு மேல் நிற்கப் போகிறதென்றால் உலர்காற்று இயந்திரம் மாட்டி உள்ளே 40 சதவீதத்துக்குக் கீழ் வைத்திருக்க வேண்டும். ஓடிய மணியில் மட்டும் எல்.பி. பிளேடின் ஆயுளைத் தேடுகிறவர், அது நின்ற நாட்களின் பதிவைக் கேட்பதே இல்லை.

கேசிங்கைத் திறந்ததும் பிளேடுகளை உடனே கழுவிவிடாதீர்கள். படிவைச் சுரண்டி, வரிசை எண் எழுதிய பொட்டலத்தில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பிய பிறகு கழுவுங்கள். தண்ணீரோடு போய்விட்ட உப்பை எவரும் திருப்பிக் கொண்டுவர முடியாது. சுத்தம் செய்ய மணல்போன்ற கடினத் துகளை வேகமாக அடித்தால் நுண்வெடிப்புகளின் வாய் மூடிவிடும், அதற்குப் பிறகு செய்யும் காந்தத் துகள் சோதனையில் எதுவும் தெரியாது. மென்மையான ஊடகம், குறைந்த அழுத்தம் போதும். வேருக்குள் மறைந்த வெடிப்பைக் கண்ணால் பார்க்க இயலாது. ஃபேஸ்டு அரே அல்ட்ராசோனிக் (பல கோணங்களில் ஒலியலை செலுத்தும் சோதனை) வேண்டும், அல்லது ஒரு சில பிளேடுகளையாவது கழற்ற வேண்டும்.

போல்ட் விஷயத்தில் ஒரே ஒரு வழக்கத்தை மாற்றினால் போதும். எந்தப் போல்ட் எந்தத் துளையில் இருந்தது என்று குறிக்காமல் கழற்றி ஒரே பெட்டியில் கொட்டிவிடுகிறார்கள். ஒவ்வோர் இறுக்கத்திலும் ஏறத்தாழ 0.15 சதவீதம் நீட்டம் கொடுக்கிறோம், அது க்ரீப்பால் நிரந்தரமாகிக் கூடிக்கொண்டே போகிறது. மொத்தம் 1 சதவீதத்தை எட்டினால் மாற்றுவது பரவலான வரம்பு. நீளப் பதிவு இல்லாத போல்ட்டுக்கு வரலாறே இல்லை.

எரிவாயு டர்பைன் பிளேடில் பூச்சு நன்றாக இருப்பதைப் பார்த்து ஆயுளை நீட்டிவிடுகிறார்கள். பழுதுபார்க்கும் ஒவ்வொரு முறையும் பழைய பூச்சை உரிக்கும்போது அடியுலோகமும் கொஞ்சம் போகிறது, உள்குளிர்ச்சித் துளைகளின் சுவர் மெலிகிறது. ஒரு வரிசையில் ஒரு பிளேடைத் தியாகம் செய்து, நடு உயரத்தில் குறுக்கே வெட்டி, சுவர்த் தடிப்பையும் உள்பரப்பு ஆக்சிடேஷனையும் பாருங்கள். அதே பிளேடின் வேர்ப் பகுதி சூடு அதிகம் காணாதது. அதன் நுண்ணமைப்போடு ஒப்பிட்டால் மேல்பகுதி எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

எண்ணை எழுதும் விதம்

பாய்லருக்கான தகுதிச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருப்பது டர்பைன் ரோட்டரின் ஆயுளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து ஒன்றைக் காட்டி மற்றதை நியாயப்படுத்தக் கூடாது.

வெடிப்பு வளர்ச்சிக் கணக்கில் தொடக்க அளவை எடுக்கும்போது, பரிசோதகர் கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய வெடிப்பை எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது, அந்த முறையில் தவறவிடக்கூடிய மிகப் பெரிய வெடிப்பு. நல்ல வெளிச்சத்தில் ஆய்வகத் துண்டில் 1 மில்லிமீட்டரைக் காண்பவர், ரோட்டரின் உள்துளையில் இரவுநேர ஷிப்டில் 3 மில்லிமீட்டரைத் தவறவிடலாம். அந்த 3 மில்லிமீட்டரிலிருந்து உடைக்கும் அளவுவரை வளர எத்தனை ஸ்டார்ட் பிடிக்கும் என்று கணக்கிட்டு, அதில் பாதியைத் தாண்டாமல் அடுத்த பரிசோதனையை வையுங்கள். பாதி வைத்தால், ஒருமுறை தவறவிட்டாலும் உடைவதற்குள் இன்னொரு வாய்ப்பு இருக்கும். கணக்கு 1,200 ஸ்டார்ட் என்றால் 600இல் கேசிங்கைத் திறக்க வேண்டும். வருடம் 60 ஸ்டார்ட் என்று நினைத்து அதைப் பத்து வருடம் என்று அறிக்கையில் எழுதியிருந்து, இயந்திரம் வருடத்துக்கு 200 முறை ஏறி இறங்கத் தொடங்கிவிட்டால், அந்தப் பத்து வருடம் மூன்று வருடமாகிவிடும். அதனால் அறிக்கையின் முதல் பக்கத்தில் வருடத்தை எழுதாமல் ஸ்டார்ட் எண்ணிக்கையையும் மணியையும் வெப்பநிலை வரம்பையும் எழுதி, கட்டுப்பாட்டு அறையில் அந்த எண்களை யார் மாதாமாதம் பார்ப்பார்கள் என்பதையும் பதவியோடு குறிப்பிட்டுவிடுங்கள்.